இடது முன்கை இல்லாத தம்பி, கடலில் நன்றாக நீந்துகிறான். போட்டிக்கு அனுப்ப என்ன வழி?

பாம்பன் ஜெசி

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 14 வயது. பிறவியிலேயே இடது கை முழங்கைக்குக் கீழே கிடையாது. வீட்டில் அதைச் சின்னக் கை என்றுதான் சொல்வோம். அம்மா கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவர். தம்பி விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் பின்னாலேயே தண்ணீரில் கிடந்தவன். லீவு நாளில் அம்மாவோடு வத்தையில், அதாவது சின்னப் படகில், போனால் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டான், அவனும் முங்குவான். அம்மா இரண்டு தடவை மூச்சுக்கு மேலே வந்து போகிற நேரம் இவன் ஒரே முங்கில் இருப்பான். அம்மா அதற்கு ஏசுவார், அது வேறு கதை.

மாற்றுத்திறனாளிகளுக்குப் பாரா நீச்சல் என்று ஒன்று இருக்கிறது, இவனை அனுப்பலாம் என்று சொன்னது பள்ளிக்கூடத்து பி.டி. சார். அதை நம்பி ஒரு நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். எந்தக் குளம் என்று இங்கே எழுத விரும்பவில்லை. கவுண்டரில் இருந்தவர் தம்பியின் கையைப் பார்த்துவிட்டு, "ஒத்தக் கைய வச்சுக்கிட்டு எப்படிம்மா? ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?" என்றார். தம்பி, "அண்ணே, நான் பாம்பன்" என்றான். அவர் சிரித்தார். டிக்கெட் மட்டும் தரவில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இவனை எந்தப் பிரிவில் சேர்ப்பார்கள்? யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்? செயற்கைக் கை ஏதாவது மாட்டித்தான் நீந்த வேண்டுமா? அப்பாவோ, "கடல்ல நீந்துறவனுக்குக் குளம் எதுக்கு, அங்க போய்ப் புதுசா என்ன படிக்கப் போறான்?" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

கீழக்கரை காக்கா

ஜெசி தங்கச்சி, எனக்கு வலது கால் போலியோ. வாப்பா சங்கு குளிக்கப் போனவர். கரையில் நொண்டினாலும் தண்ணீருக்குள் மற்ற பையன்களோடு சரிக்குச் சரி போவேன். பிறகு மதுரை ரேஸ்கோர்ஸ் குளத்தில் பழகி, மாநில அளவிலும் தேசிய அளவிலும் நீந்தியிருக்கிறேன். பெரிய பதக்கம் எதுவும் கிடையாது. இப்போது தாலுகா ஆபீசில் உத்தியோகம். உங்கள் தம்பி அந்தக் கவுண்டரில் சொன்ன பதிலைப் படித்துவிட்டு ஆபீசில் தனியாகச் சிரித்தேன்.

முதலில் அந்த டிக்கெட் விஷயம். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் விளையாட்டுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, 30வது பிரிவு. குறைபாட்டைக் காட்டி ஒதுக்கி வைக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உண்டு. ஆனால் சட்டம் பேசப் போனால் அன்றைய பொழுது பேச்சிலேயே போய்விடும். அடுத்த தடவை பி.டி. சாரைக் கையோடு கூட்டிப் போங்கள். பள்ளிக்கூட லெட்டர்பேடில், "இந்த மாணவர் பாரா நீச்சல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறார்" என்று இரண்டு வரி, கையெழுத்து, சீல். எனக்கும் இப்படித்தான் கதவு திறந்தது. நம் பக்கம் தாளுக்கு இருக்கிற மரியாதை ஆளுக்குக் கிடையாது.

பிரிவு பற்றி. எஸ் என்ற எழுத்தோடு ஒரு எண் வரும். 1 முதல் 10 வரை உடல் குறைபாடு, எண் சின்னதாக ஆக ஆகப் பாதிப்பு அதிகம். 11 முதல் 13 வரை பார்வைக் குறைபாடு, 14 அறிவுசார் குறைபாடு. நீச்சல் முறைகளில் ஃப்ரீஸ்டைல், பேக் ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை மூன்றுக்கும் ஒரே எண்தான். பிரஸ்ட் ஸ்ட்ரோக்கில் காலுக்கு வேலை அதிகம் என்பதால் அதற்கு எஸ்பி என்று தனி எண். நான்கு முறையிலும் ஒருவரே நீந்தும் தனிநபர் மெட்லிக்கு எஸ்எம்.

ஒரு முன்கை மட்டும் இல்லாதவர்களைப் பெரும்பாலும் எஸ்9இல் பார்க்கலாம். பிரிட்டனின் கிளேர் காஷ்மோருக்கும் உங்கள் தம்பியைப் போலவே பிறவியிலேயே இடது முன்கை கிடையாது. அவருக்கு எஸ்9, பிரஸ்ட் ஸ்ட்ரோக்கில் எஸ்பி8. 2016 ரியோ பாராலிம்பிக்கில் ரிலே தங்கம் வாங்கினார். நம் நாட்டில் பிரசாந்த கர்மாகர், சின்ன வயதில் விபத்தில் வலது முன்கையை இழந்தவர். 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் எஸ்9இல் வெண்கலம். காமன்வெல்த் நீச்சலில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கமே அதுதான், இரண்டு கையும் உள்ளவர்களையெல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் அப்பாவிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

செயற்கைக் கை, கால் எதற்கும் போட்டித் தண்ணீரில் அனுமதி கிடையாது. இருப்பதை வைத்துத்தான் நீந்த வேண்டும்.

இப்போது அப்பா கேட்ட கேள்வி. உண்மையில் இந்தத் திரியிலேயே பெரிய கேள்வி அதுதான். கடலில் சுவர் இல்லை. தம்பிக்கு மூச்சு இருக்கிறது, தைரியம் இருக்கிறது, பழகாதது சுவர் மட்டும்தான். 50 மீட்டர் குளத்தில் 400 மீட்டர் போவதற்கு ஏழு தடவை திரும்ப வேண்டும். ஒவ்வொரு தடவையும் தடுமாறினால், நடுவில் எவ்வளவு வேகமாகப் போனாலும் பக்கத்து லேன்காரன் தாண்டிவிடுவான். குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவதைக் கரையில் நின்று பார்த்தால் சுலபமாகத் தெரியும். சுவர் நெருங்கும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டி உருள வேண்டும். உருளும்போது மூக்கு வழியாக ஊதிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளோரின் தண்ணீர் உச்சந்தலைக்கு ஏறும். பாதம் சுவரில் படும்போது முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். நேராக இருந்தால் உதைக்க இடமில்லை, ரொம்ப மடங்கினால் அங்கேயே நேரம் போகும். இதைக் கடலில் யாரும் சொல்லித் தர முடியாது.

அப்புறம் தண்ணீரே வேறு. உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிப் பிடிக்கும். நல்ல தண்ணீரில் இடுப்பும் காலும் தாழும். போதாததற்கு, கடலில் பழகியவன் வத்தை எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தலையைத் தூக்கிக்கொண்டேதான் நீந்துவான். குளத்தில் தலையைத் தூக்கினால் கால் இன்னும் கீழே போகும். முதல் நாள் குளத்தின் இரண்டு நீளத்துக்குள் அவனுக்கு இளைக்கும். இவனைவிடச் சின்ன டவுன் பையன்கள் தாண்டிப் போவார்கள். அன்றைக்கு அவன் மூஞ்சி சுருங்கும், பார்த்துக்கொள்ளுங்கள். குளத்துத் தரையில் போட்டிருக்கும் கறுப்பு வரியைப் பார்த்துத் தலையைக் கீழே வைக்கப் பழகிவிட்டால் சரியாகிவிடும்.

சின்னக் கை விஷயத்தில் ஒன்று. ஒற்றைக் கையால் இழுக்கும் பிள்ளைகள் மற்றக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வார்கள். ஆள் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் வளைந்து போவான். கடலில் அது தெரியாது. குளத்தில் லேன் கயிறு தோளை உரசிச் சொல்லிவிடும். சின்னக் கையும் அதன் முறை வரும்போது சுற்றி வரத்தான் வேண்டும். அது தள்ளுகிற தண்ணீர் குறைவுதான், ஆனால் தோள் இரண்டு பக்கமும் ஒழுங்காக உருள அது வேண்டும். பேக் ஸ்ட்ரோக்கில் சுவருக்கு 5 மீட்டர் முன்னால் தலைக்கு மேலே கொடி கட்டியிருப்பார்கள். கொடியைத் தாண்டியதும் இத்தனை கை போட்டால் சுவர் என்று எல்லாரும் எண்ணி வைத்திருப்பார்கள். தம்பி சின்னக் கையையும் கணக்கில் சேர்த்து எண்ணிப் பழக வேண்டும்.

இனிமேல்தான் எனக்கு எழுதும்போதே கை பரபரக்கிற விஷயம். டைவ் அடித்த பிறகும் ஒவ்வொரு திருப்பத்திலும் 15 மீட்டர் வரை தண்ணீருக்கு அடியிலேயே போகலாம், அதற்குள் தலை வெளியே வந்துவிட வேண்டும். பிரஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு விதி வேறு, மற்ற மூன்றுக்கும் இதுதான். அந்தத் தூரத்தில் யாருக்குமே கைக்கு வேலை கிடையாது. இரண்டு கையும் உள்ளவனும் கைகளை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு இடுப்பையும் காலையும் அடித்துத்தான் போகிறான். டால்பின் கிக் என்பார்கள். எனக்குப் போலியோ கால், அதனால் சுவரை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் எனக்கு நஷ்டம். மேலே வந்து கையால் துரத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் தம்பிக்கு நேர் எதிர். இரண்டு காலும் நல்ல கால், பாசிக்கு முங்கிய மூச்சு, அடியில் கண்ணைத் திறந்து திசை பார்க்கிற பழக்கம். எஸ்9 லேன்களில் பலருக்குக் காலில்தான் குறை இருக்கும். தண்ணீருக்கு அடியில் அவர்களைவிட இவன் முன்னால் போகலாம். நான் கோச்சாக இருந்தால் முதல் மூன்று மாதம் வேறு எதையும் தொட மாட்டேன், இதைத்தான் ஏற்றுவேன்.

ஆனால் மூச்சடக்கும் பயிற்சியை ஆளில்லாத குளத்தில் தனியாகச் செய்ய விடாதீர்கள். நன்றாக முங்கத் தெரிந்தவனுக்குத்தான் அந்த ஆபத்து அதிகம். மேலே வர வேண்டும் என்று உடம்பு சொல்வதற்கு முன்னாலேயே நினைவு தப்பிவிடும். அம்மா ஏசுவது சரிதான்.

காகித வேலை: யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஆதார், பிறப்புச் சான்றிதழ். யுடிஐடி இன்னும் எடுக்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஆரம்பியுங்கள். பிறகு மாநில பாராலிம்பிக் சங்கம் நடத்தும் போட்டி, அதிலிருந்து தேசியப் போட்டி. கேலோ இந்தியா பாரா போட்டிகள் என்று செய்தியில் பார்த்துவிட்டு அதற்குக் காத்திருக்காதீர்கள். 2023, 2025 இரண்டிலும் நீச்சலைச் சேர்க்கவில்லை. இவ்வளவு நீளக் கடற்கரை உள்ள நாட்டில் அதை எப்படி விட்டார்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான்.

தொண்டிக்காரன்

காக்கா சொல்வதெல்லாம் சரி, ஆனால் சீல், லெட்டர்பேடு, சங்கம் என்று அலைவதற்குள் பையனுக்கு மீசை முளைத்துவிடும். நம் ஊர்ப் பெயரைச் சொல்கிற மாதிரி ஒன்று செய்யலாமே. ஜியா ராய், ஆட்டிசம் உள்ள பெண் பிள்ளை, 2022 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தி வந்தது. அப்போது 13 வயது. சுமார் 29 கிலோமீட்டர், 13 மணி நேரத்துக்கு மேல். குற்றாலீஸ்வரன் 1994இல் பாக் நீரிணையைத் தாண்டியபோது 12 வயது. இந்தக் கடலிலேயே பிறந்த பையனுக்கு முடியாதா? ஒரே நாளில் டிவி, பேப்பர், கலெக்டர் சால்வை, எல்லாம் வாசலுக்கு வரும். அப்புறம் எந்தக் கவுண்டரில் டிக்கெட் தர மாட்டேன் என்பான்?

மதுரை பிசியோ

ஜெசி, எந்த எஸ் எண் என்று முடிவு செய்கிற வகைப்பாடு எப்படி நடக்கும் என்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் மேஜையில் படுக்க வைத்துப் பார்ப்பார்கள்: கை அளவு, மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம். பிறகு தண்ணீரில் இறக்கி நீந்தச் சொல்வார்கள். அதற்குப் பிறகு உண்மையான போட்டியில் நீந்துவதையும் உட்கார்ந்து கவனிப்பார்கள். மூன்றும் ஒத்துப்போக வேண்டும். எஸ்9 வரும் என்று நாங்கள் எழுதுவது ஊகம்தான், எண்ணைத் தருவது அந்தக் குழு. யுடிஐடி அட்டையில் இருக்கும் சதவீதத்துக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. பல பெற்றோர் சதவீதத்தைக் காட்டிச் சண்டை போடுவார்கள்.

யாராவது "கொஞ்சம் மெதுவா நீந்திக் காட்டு, கீழ்ப் பிரிவு கிடைக்கும், அங்க பதக்கம் ஈசி" என்று யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வேண்டுமென்றே திறமையைக் குறைத்துக் காட்டுவது குற்றம், பிடிபட்டால் தடை விழும்.

இன்னொன்று, வலது தோள். சின்ன வயதிலிருந்து எல்லா வேலையையும் அந்தத் தோள்தான் செய்திருக்கும். அதோடு தினம் குளத்தில் ஆயிரக்கணக்கான தடவை சுற்றினால் வலி வரும். முதுகுப் பக்கத் தசைகளுக்கு ரப்பர் பட்டைப் பயிற்சியை முதல் வாரத்திலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சின்னக் கையிலும் அந்தப் பட்டையைச் சுற்றிக் கட்டிச் செய்யலாம்.

கீழக்கரை காக்கா

தொண்டித் தம்பி, ஜியா ராய் செய்ததை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை கடற்படைக்காரர் மகள், முறையான பயிற்சி எடுத்து வந்தது. தலைமன்னாரிலிருந்து நீந்த இரண்டு நாட்டு அனுமதி வேண்டும், கூடவே படகு, டாக்டர், ஆட்கள். பாசி எடுக்கிற வீட்டில் அந்தச் செலவுக்கு யாரிடம் கையேந்துவது? கையேந்தினால், கொடுக்கிறவன் பேனரில் பையன் முகத்தைவிட அவன் முகம் பெரிதாக இருக்கும். சால்வை மறுநாள் மடித்து வைக்கப்படும். எஸ் எண்ணும் பதிவான நேரமும் அப்படி இல்லை. 50 மீட்டரை இத்தனை வினாடியில் முடித்தான் என்பது எந்த ஊர்த் தேர்வாளர் முன்னாலும் நிற்கும்.

காற்றையும் யோசியுங்கள். ஆடியில் கச்சான் காற்று வீசினால் தென்கடலில் இறங்க முடியாது, ஐப்பசி கார்த்திகையில் வாடை வந்தால் வடகடல் கலங்கிவிடும். போதாததற்குச் சொறி மீன், அதான் ஜெல்லி மீன். வருஷம் முழுக்க ஒரே மாதிரிப் பயிற்சி வேண்டும் என்றால் குளம்தான். அதிலும் மோட்டார் ரிப்பேர் என்று மாதக்கணக்கில் பூட்டி வைப்பார்கள், அந்தப் புலம்பலை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

கடலை விட மனசில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. பாராலிம்பிக் நீச்சலில் கடல் நீச்சல் கிடையாது, ஆனால் பாரா டிரையத்லானில் 750 மீட்டர் திறந்த தண்ணீரில் நீந்த வேண்டும், பிறகு சைக்கிள், ஓட்டம். நான் மேலே சொன்ன கிளேர் காஷ்மோர் குளத்தை விட்டு அதற்குத்தான் மாறினார், டோக்கியோவில் வெண்கலம். அதில் தங்கம் வாங்கிய லாரன் ஸ்டெட்மனுக்கும் ஒரு முன்கை கிடையாது. அவரும் பழைய நீச்சல்காரர். தம்பிக்கு அதற்கெல்லாம் இன்னும் வயது இருக்கிறது.

உச்சிப்புளி அம்மா

குறுக்கே கேட்கிறேன், மன்னியுங்கள். என் மகளுக்குக் காது கேட்காது. நீச்சல் நன்றாக வருகிறது. அவளுக்கு எஸ் எண் என்ன வரும் காக்கா?

கீழக்கரை காக்கா

எண் கிடையாதுமா. காது கேளாமை மட்டும் இருந்தால் பாராலிம்பிக்கில் பிரிவு இல்லை. அவர்களுக்கு டெஃப்லிம்பிக்ஸ் தனி, 1924இல் பாரிஸில் ஆரம்பித்தது, பாராலிம்பிக்கைவிட மூத்தது. சங்கமும் தனி, அதனால் நீங்கள் பார்க்க வேண்டிய ஆட்களே வேறு. ஸ்டார்ட்டுக்குச் சத்தத்துக்குப் பதிலாக விளக்கு போடுவார்கள். உள்ளூர்ப் போட்டியில் நீந்தினால், ஸ்டார்ட்டரைப் பார்த்துக் கையசைத்துக் காட்டச் சொல்லி முன்னாலேயே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் மற்றவர்கள் குதித்த பிறகுதான் பிள்ளை குதிக்கும்.

பாம்பன் ஜெசி

எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் காமன்வெல்த் பதக்கம் பற்றிப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை, ஆனால் ராத்திரி, "ஞாயித்துக்கிழமை நானும் வாரேன், அந்தக் கவுண்டருல யாரு இருக்கான்னு பாப்போம்" என்றார். பி.டி. சார் கடிதம் தருவதாகச் சொல்லிவிட்டார், அப்பாவைக் கொஞ்சம் அடக்கித்தான் கூட்டிப் போக வேண்டும்.

தம்பிக்கு ஒரு சந்தேகம். பிரஸ்ட் ஸ்ட்ரோக்கில் இரண்டு கையும் ஒரே நேரத்தில் சுவரைத் தொட வேண்டுமாமே, சின்னக் கை எட்டாதே என்கிறான். அப்புறம் என்னென்ன வாங்க வேண்டும்?

கீழக்கரை காக்கா

அவனுக்கு ஏற்கெனவே விதி தெரிய ஆரம்பித்துவிட்டது, நல்லது. நீளம் வேறுபடும் கைகள் என்றால் நீளமான கை சுவரைத் தொட்டால் போதும். ஆனால் சின்னக் கையும் அதே நேரத்தில் முன்னால் நீண்டிருக்க வேண்டும். அது பக்கவாட்டில் தொங்கினால் நடுவர் டிஸ்குவாலிஃபை செய்துவிடுவார். பட்டர்ஃபிளையிலும் இப்படித்தான்.

வாங்க வேண்டியது அதிகம் இல்லை. உடம்போடு ஒட்டிய நீச்சல் டிரவுசர் ஒன்று, பாக்கெட் வைத்தது வேண்டாம், தண்ணீரைப் பிடித்து இழுக்கும். அம்மாவின் முங்கு கண்ணாடியைக் கொண்டுபோக வேண்டாம், டைவ் அடித்தால் கழன்று கழுத்துக்கு வந்துவிடும். சின்ன நீச்சல் கண்ணாடி ஒன்று வாங்குங்கள், வார் ஒரு தடவை அளவு வைத்தால் அப்படியே நிற்கிற மாதிரி. சிலிக்கான் தொப்பியை ஒற்றைக் கையால் மாட்டுவதுதான் முதலில் எரிச்சலாக இருக்கும். உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, முன் விளிம்பை நெற்றியில் வைத்துச் சின்னக் கையால் அமுக்கிப் பிடித்து, வலது கையால் பின்னால் இழுத்தால் ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டிலேயே பழகட்டும். லாக்கர் ரூமில் யாரிடமும் தலையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.